மெத்தையின் உள்ளே

நான்கு ஆண்டுகளுக்கு முன், எம் இளைய மகளின் நிக்காஹின்போது சீர்ப்பொருள்களோடு மெத்தை ஒன்றும் வாங்கினோம். அசல் இலவம்பஞ்சு என்றார் கடைக்காரர். உறையின் ஓரத் தையலைச் சற்றே பிரித்து, உள்ளிருந்து ஒரு பிடி எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். பட்டுப்போல் மினுக்கும் பஞ்சு, ஊதினால் பறந்தது. மறுபேச்சின்றிப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு வந்தோம். முதல் மழைக்காலம் கழிவதற்குள் அம்மெத்தை கட்டிகட்டியாகத் திரண்டுவிட்டது. மருமகப்பிள்ளைக்கு இடுப்பு வலி. மகளுக்கு விடியற்காலையில் ஓயாத தும்மல். சீராக வந்த பொருளைக் குறைகூறக் கூசி, ஓராண்டு வரை அவள் வாய் திறக்கவில்லை. பிறகு தன் உம்மாவிடம் மட்டும் மெல்லச் சொன்னாள்.

மெத்தையை வரவழைத்து முற்றத்தில் போட்டுப் பிரித்தோம். மேலே நான்கு விரற்கடைக் கனத்திற்கு இலவம்பஞ்சு. அதன் கீழே ஆலைக் கழிவுப் பஞ்சு. நடுவயிற்றிலோ, தையற்கடைத் துண்டுகளையும் பழந்துணிகளையும் கிழித்து அரைத்த பலநிறத் தூள். இலவு காத்த கிளிக்குப் பழம் கிட்டாவிட்டாலும் பஞ்சாவது கிட்டியது. எமக்கு அதுவுங்கூட முழுமையாகக் கிட்டவில்லை.

அன்றிரவு என் கை தானாகவே நூலடுக்கிலிருந்த ஒரு பழைய அரபு நூலை நாடிச் சென்றது. ஹிஜ்ரீ ஆறாம் நூற்றாண்டில், ஸலாஹுத்தீன் ஐயூபீயின் காலத்தை ஒட்டி, ஷாம் நாட்டில் வாழ்ந்த அப்துர் ரஹ்மான் இப்னு நஸ்ர் அஷ்ஷைஸரீ எழுதிய ‘நிஹாயத்துர் ருத்பா ஃபீ தலபில் ஹிஸ்பா’ என்பது அதன் பெயர். 1946இல் காஹிராவில் அச்சேறிய நூல். அங்காடிகளை மேற்பார்வையிடும் ‘முஹ்தஸிப்’ என்னும் அதிகாரிக்குக் கைவிளக்காக எழுதப்பெற்ற அந்நூலில் நாற்பது இயல்கள் உண்டு. ரொட்டி சுடுவோர், இறைச்சி விற்போர், மருந்துச் சரக்கு விற்போர், சாயம் தோய்ப்போர் என ஒவ்வொரு தொழிலாரும் என்னென்ன சூது செய்வர், அவற்றை எவ்வாறு கண்டுபிடிப்பது என்பதே நூலின் பொருள். மதரஸாவில் ஓதிய நாளில் நான் புரட்டிவிட்டுக் கடந்த பகுதி ஒன்று அதில் இருக்கிறது. அது பஞ்சு கொட்டுவோரைப் பற்றியது.

பழம்பஞ்சைப் புதுப்பஞ்சோடு கலக்கலாகாது என்கிறார் ஷைஸரீ. சிவந்த பஞ்சை வெண்பஞ்சோடு கலப்பதும் கூடாது. கருந்தோலும் உடைந்த விதையும் பறந்து போகும்வரை திரும்பத் திரும்பக் கொட்டவேண்டும். விதை தங்கினால் எடை கூடும், அதைப் போர்வையில் திணித்தால் எலி கடிக்கும். கொட்டிய பஞ்சை ஈரமான இடத்தில் வைத்தால் எடை ஏறும். வாங்கியவன் வீட்டிற்குச் சென்று உலர்ந்தபின் குறையும். ஆதலால் அதனையும் தடுக்கவேண்டும். இன்னும் ஒன்று கூறுகிறார். அதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் சினமும் ஒருங்கே எழுந்தன. மட்டமான சிவந்த பஞ்சைக் கொட்டி அடியில் வைத்து, மேலே தூய வெண்பஞ்சைப் பரப்பி விற்போர் உளர். நூற்கும்போதுதான் அது வெளிப்படும் என்கிறார். எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் ஷாம் நாட்டு அங்காடியில் நடந்த அதே சூது, எங்கள் வட்டாரத்துக் கடையொன்றில் எள்ளளவும் மாறாமல் நடந்திருக்கிறது!

ஷைஸரீயை அடியொற்றி, அவரினும் விரிவாக எழுதியவர் எகிப்து நாட்டு இப்னுல் உகுவ்வா. ஹிஜ்ரீ 729இல் (கி.பி. 1329) மறைந்த ஷாஃபிஈ அறிஞர் அவர். அவருடைய ‘மஆலிமுல் குர்பா’ எழுபது இயல்களைக் கொண்டது. ரூபன் லெவி என்னும் ஆங்கிலேய அறிஞர் 1938இல் அதனைப் பதிப்பித்தார். இந்நூல்களைப் படிப்போர்க்கு ஒன்று புலனாகும். ஒவ்வொரு தொழிலின் நுட்பத்தையும் முஹ்தஸிப் தாமே அறிந்திருக்க இயலாது. எனவே அந்தந்தத் தொழிலாரிடமிருந்தே நம்பகமான ஒருவரை ‘அரீஃப்’ என நியமித்து, அவர் வாயிலாகச் சரக்கைச் சோதித்தனர். பஞ்சைப் பஞ்சுக்காரனே அறிவான் அன்றோ?

இவ்வழக்கத்தின் வேர் யாவரும் அறிந்த ஒரு நிகழ்ச்சியில் இருக்கிறது. மதீனத்து அங்காடியில் தானியக் குவியல் ஒன்றைக் கடந்து செல்கையில் பெருமானார் (ஸல்) அவர்கள் அதனுள்ளே கையை விட்டார்கள். விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்தது என்றான் வணிகன். மக்கள் காணும்படி அதை மேலே வைத்திருக்கலாகாதா என வினவி, ஏமாற்றுவோன் தம்மைச் சேர்ந்தவன் அல்லன் எனக் கூறினார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் வரும் செய்தி இது. ஈரம் பட்ட தானியத்தை விற்கலாகாது என்று அங்கே கூறப்படவில்லை. உள்ளே இருப்பதை மேலே காட்டவேண்டும் என்பதே கேட்கப்பட்டது.

நம் ஷாஃபிஈ மத்ஹபின் ஃபிக்ஹு நூலாகிய இமாம் நவவீயின் ‘மின்ஹாஜ்’ இதனைச் சட்டமொழியில் வகுக்கிறது. விற்பொருளின் ஒரு பகுதி எஞ்சியதை உணர்த்துமானால் அப்பகுதியைக் காண்பதே போதும். கோதுமைக் குவியலின் மேற்புறம் அத்தகையது. மாதுளையின் தோல், முட்டையின் ஓடு ஆகியன உள்ளிருப்பதற்கு இயற்கையாய் அமைந்த காப்பு. அவற்றைக் கண்டாலும் போதும். கடைக்காரர் என் கையில் வைத்த அந்த ஒரு பிடியை நான் கோதுமைக் குவியலின் மேற்புறமாகக் கருதிவிட்டேன். ஆனால் மாதுளையின் தோலை எந்த வணிகனும் தைப்பதில்லை. மெத்தையின் உறையோ மனிதன் தைப்பது. இவ்வேறுபாடு எனக்கு உறைக்க ஓராண்டும், மகளின் தும்மலும் தேவைப்பட்டன.

சொல்லாராய்ச்சியில் நாட்டமுடையோர்க்காக இங்கே சற்று விலகிச் செல்கிறேன். ஆங்கிலத்தில் மெத்தைக்கு வழங்கும் ‘மேட்ரெஸ்’ என்னும் சொல் அரபு மொழியின் ‘மத்ரஹ்’ என்பதிலிருந்து பிறந்தது. ‘தரஹ’ என்றால் எறிந்தான், போட்டான். ‘மத்ரஹ்’ என்பது போடுமிடம். தரையில் போட்டு அமரும் விரிப்பையும் குறித்தது. அச்சொல் இத்தாலிய மொழியில் ‘மதெராஸ்ஸோ’ ஆகிப் பிரெஞ்சு வழியே ஆங்கிலத்தை அடைந்தது. ‘காட்டன்’ என்பதும் ‘குத்ன்’ என்னும் அரபுச் சொல்லே. நம் ‘மெத்தை’ ஓசையால் இவற்றிற்கு உறவுபோல் தோன்றினாலும் உறவன்று. மெத்தென்று இருப்பது மெத்தை. அரபியர் செயலைக் கண்டு பெயரிட்டனர். தமிழர் தொடுகையைக் கண்டு பெயரிட்டனர். பாண்டிமாதேவியின் யானைத்தந்தக் கட்டிலையும், அன்னத்தின் தூவி பரப்பிய அதன் படுக்கையையும் நெடுநல்வாடை விரித்துரைக்கிறது. ஐவகைப் பொருள்களால் ஆன படுக்கையைப் பஞ்சசயனம் என்பர். அவ்வைந்து எவை என்பதில் உரைகாரர்களிடையே ஒருமைப்பாடு இல்லை. அரசியின் மெத்தைக்குள் என்ன இருந்தது என்பதில் புலவர்களுக்கே ஐயம் என்றால், நம் நிலை என்ன! அண்ணலார் (ஸல்) அவர்களின் விரிப்போ தோலுறைக்குள் பேரீச்ச நார் அடைத்தது என அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். அதில் ஐயத்திற்கு இடமில்லை.

பஞ்சு கொட்டுவோனை அரபியில் ‘நத்தாஃப்’ என்பர். கருநாடகத்தில் ‘நதாஃப்’ என்றும் ‘பிஞ்சார்’ என்றும் வழங்கும் முஸ்லிம் சமூகத்தாரின் பெயர் இத்தொழிலிலிருந்தே வந்தது. ஆந்திரத்தில் அவர்கள் தூதேகுலத்தார். என் சிறுவயதில், பெரிய வில் ஒன்றைத் தோளில் சாய்த்துக்கொண்டு அத்தகைய முதியவர் ஒருவர் எங்கள் தெருவுக்கு ஆண்டுதோறும் வருவார். வில்லின் நாணை மரக்கட்டையால் தட்டும்போது எழும் ஓசை தெருமுனைவரை கேட்கும். கல்லாய் இறுகிக் கிடந்த பழைய மெத்தைப் பஞ்சு அவர் முன்னே நுரைபோல் பொங்கி எழும். பிள்ளைகளாகிய எங்களுக்கு அது திருவிழா. அவருக்கோ அது மூச்சு. ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை வில்லை நிறுத்தி இருமுவார். அவ்விருமலையும் வேடிக்கையின் ஒரு பகுதியாகவே நாங்கள் எண்ணியிருந்தோம்.

அந்த இருமலை ஏட்டில் எழுதியவர் இத்தாலி நாட்டு மருத்துவர் பெர்னார்தீனோ ராமஸ்ஸீனி. தொழிலாளரின் நோய்களைக் குறித்து அவர் 1700இல் இலத்தீனில் வெளியிட்ட நூல், அத்துறையின் முதல் நூலாகப் போற்றப்படுகிறது. சணலும் ஆளியும் சிக்கெடுப்போர் உள்ளிழுக்கும் தூசு மூச்சிரைப்பையும் இருமலையும் தருகிறது என்று அதில் கண்டார். பழைய மெத்தைகளைப் பிரித்து, அழுக்கேறி இறுகிய கம்பளியை உதறிப் புதுக்கும் தொழில் அந்நாளில் இத்தாலியில் யூதர்களுடையதாக இருந்தது. வேறு பல தொழில்களின் கதவுகள் அவர்களுக்கு அடைபட்டிருந்தன. அவர்களுடைய இருமலையும் குமட்டலையும் ராமஸ்ஸீனி விட்டுவிடவில்லை. பிறர் துயிலும் மெத்தையை மென்மையாக்கியவர்களின் நெஞ்சு இரண்டு கண்டங்களிலும் ஒரே விதமாகவே வன்மையாகி இருக்கிறது. நஞ்சற்ற மெத்தை எது என ஆராய்வோர், படுப்பவனோடு ஆராய்ச்சியை நிறுத்திவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

எம் மெத்தையின் நடுவயிற்றில் கண்ட அந்தப் பலநிறத் தூளுக்கும் ஒரு வரலாறு உண்டு. ஆலைகள் பெருகிய இங்கிலாந்தில், கந்தைகளைக் கழுவாமலேயே இயந்திரத்தில் அரைத்து மலிவு மெத்தைகளில் திணித்தனர். நோயாளி உடுத்தியதோ, தெருவில் கிடந்ததோ, அரைத்தபின் யார் அறிவார்? 1911இல் நாடாளுமன்றம் இதற்கெனத் தனிச்சட்டமே இயற்றியது. அடுத்த ஆண்டு வந்த விதி நுட்பமானது. அரைத்த கந்தையின் இலட்சம் பங்கில் குளோரின் முப்பது பங்கைத் தாண்டலாகாது. குளோரின் எதற்கு? வியர்வையிலும் சிறுநீரிலும் உப்பு இருக்கிறது; கழுவாத கந்தையில் அது தங்கும். கண்ணால் காணமுடியாத அழுக்கை உப்பைக்கொண்டு பிடித்தனர். அதிகாரி கடையில் புகுந்து மாதிரி எடுத்துச் சோதனைச்சாலைக்கு அனுப்புவார். ஷைஸரீ இதைக் கண்டிருந்தால் மகிழ்ந்திருப்பார். அமெரிக்க மாநிலங்களோ மெத்தையில் துணிச்சீட்டு ஒன்றைத் தைக்கக் கட்டளையிட்டன: உள்ளே இருப்பது புதியதா பழையதா என்று அதில் எழுதவேண்டும், அகற்றினால் தண்டனை. அத்தடை விற்பவனுக்குத்தான்; வாங்கியவன் தாராளமாகக் கிழிக்கலாம். ஆயினும் அஞ்சி அஞ்சி அதை விட்டுவைத்தோர் அந்நாட்டில் பலர் என்பது அங்கே வழங்கும் ஒரு நகைச்சுவை.

இருபதாம் நூற்றாண்டில் மெத்தையின் வயிறே மாறியது. 1929இல் இங்கிலாந்தின் டன்லப் ஆலையில் இரப்பர் பாலை நுரைக்கக் கடைந்து நுரை இரப்பர் செய்தனர். 1937இல் ஜெர்மனியில் ஓட்டோ பாயர் என்னும் வேதியியலார் பாலியூரிதேன் என்னும் செயற்கைப் பொருளைக் கண்டார். 1950களில் அதன் மென்னுரை சந்தைக்கு வந்தது. இன்று நாம் ‘ஃபோம் மெத்தை’ என்பது பெரும்பாலும் இதுவே. எடை குறைவு, விலை மலிவு, பஞ்சைப்போல் கட்டி தட்டாது. ஆனால் தீப்பற்றினால் விரைந்து எரிந்து கரியமில நச்சுப்புகையையும் சயனைடு வாயுவையும் கக்கும். 1979 மே மாதம் 8ஆம் நாள் மான்செஸ்டர் நகரின் பல்பொருள் அங்காடி ஒன்றில் நுரை அடைத்த இருக்கைகள் தீப்பற்றிப் பத்து உயிர்கள் மாண்டன. 1988இல் பிரிட்டன் கடுமையான தீத்தடுப்பு விதிகளைக் கொண்டுவந்தது.

தீயை அணைக்க வந்தது நஞ்சு. அமெரிக்கா 1970களில் தீத்தடுப்பு விதிகளை வகுத்தபோது, அவற்றை நிறைவேற்ற எளிய வழியாக இரசாயனங்களைத் தோய்த்தனர். குழந்தைகளின் இரவுடைகளில் தோய்த்த ‘டிரிஸ்’ என்னும் பொருள் புற்றுநோய்க்கு ஏதுவாகலாம் என 1977இல் ஆர்லீன் பிளம், புரூஸ் ஏம்ஸ் என்னும் அறிவியலார் இருவர் எழுதினர். அவ்வாண்டே அவ்வுடைகள் தடைசெய்யப்பெற்றன. சாய்விருக்கை முதலியவற்றின் நுரைக்குக் கலிபோர்னியா மாநிலம் 1975இல் வகுத்த விதியால், புரோமின் கலந்த வேறொரு வகை இரசாயனம் பெருகியது. நுரையோடு உறுதியாய்ப் பிணைந்திராத அது வீட்டுத் தூசாகி, உடலின் கொழுப்பில் தங்கியது. சுவீடன் நாட்டில் 1972 முதல் 1997 வரை சேமித்து வைத்திருந்த தாய்ப்பாலைச் சோதித்தபோது, ஐந்தாண்டுக்கு ஒருமுறை இந்நஞ்சு இரட்டித்து வந்திருப்பது தெரிந்தது. கைக்குழந்தை அமுதென நம்பி அருந்தும் பாலில், பெற்றவள் சாய்ந்திருந்த இருக்கையின் நஞ்சு! 2004இல் ஐரோப்பா அதைத் தடுத்தது. 2009இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் தடைப்பட்டியலில் அது சேர்ந்தது. நம் நாடு 2018இல் விதி செய்து, 2020இல் அத்தடைக்கு முறைப்படி ஒப்புதல் அளித்தது.

2007இல் அமெரிக்கா மெத்தைகளுக்கு மேலும் கடுமையான தீச்சோதனையை விதித்தபோது, இரசாயனத்திற்கு மாற்றாகக் கண்ணாடி இழையால் நெய்த உட்போர்வையைச் சில மலிவு மெத்தைகளில் சுற்றினர். மேலுறையைக் கழற்றித் துவைத்த குடும்பங்களின் வீடெங்கும் கண்ணாடித் துகள் பறந்து தோலையும் மூச்சையும் அரித்தது. உறையைக் கழற்றாதீர் என்று சீட்டில் எழுதியிருக்கிறதே என்றனர் சிலர். உறையில் பல்லிணைவு வைத்துத் தைத்துவிட்டுத் திறக்காதே என்பது என்ன நியாயம்? 2027 ஜனவரி முதல் மெத்தைகளில் அவ்விழையைத் தடுக்கும் சட்டத்தைக் கலிபோர்னியா 2023இல் இயற்றியது.

இவ்வளவையும் கேட்ட என் மனைவி, “அப்படியானால் புதுசா எதைத்தான் வாங்குவது?” என்றாள். நியாயமான கேள்வி. இயற்கையானது என்ற சொல்லை மட்டும் நம்பி வாங்குவதற்கு நான் உடன்படேன். இலவம்பஞ்சும் எளிதில் தீப்பற்றும். நன்கு உலராத பஞ்சில் பூஞ்சணம் பிடிக்கும். வெயில் காட்டாத பஞ்சில் தூசுப்பூச்சி குடியேறும். இயற்கை இரப்பர் என்று விற்பதில் செயற்கை இரப்பர் கலந்திருப்பதும் உண்டு. ஆகவே, உள்ளே என்னென்ன, எத்தனை அடுக்கு, எத்தனை பங்கு எனக் கேட்டு, அதைச் சிட்டையில் எழுதி வாங்குவதே முறை. எழுதித் தர மறுக்கும் கடையிலிருந்து இறங்கிவிடலாம். தேங்காய் நாரை இரப்பர் பாலில் ஒட்டிச் செய்த மெத்தை விறைப்பானது, காற்றோட்டம் உள்ளது, ஒட்டியது எதைக்கொண்டு என்று மட்டும் கேட்கவேண்டும். ஃபோம் வாங்குவோர், தீமை தரும் பொருள்களுக்காகச் சோதிக்கப்பெற்றதற்கான ‘ஓகோ-டெக்ஸ் ஸ்டாண்டர்ட் 100’ போன்ற முத்திரையைப் பார்க்கலாம். அது 1992இல் தொடங்கிய முறை. அரீஃபின் இக்காலப் பேரன் எனலாம். ஆனால் முத்திரை மெத்தை முழுவதற்குமா, மேலுறைக்கு மட்டுமா என்பதைப் படித்தறிய வேண்டும். இங்கும் மேலே வெண்பஞ்சு, கீழே சிவப்புப் பஞ்சு! புதிய நுரையின் வாடை முதல் நாட்களில்தான் மிகுதி. சன்னல்களைத் திறந்து சில நாள் ஆறவிட்டபின் படுப்பது நன்று.

சுகத்தைப் பற்றியும் ஒரு சொல். இடுப்பு வலிக்குப் பலகைபோல் கெட்டியான படுக்கையே மருந்து என நம் பெரியோர் கூறுவர். நானும் மருமகப்பிள்ளைக்கு அதையே கூறினேன். ஸ்பெயின் நாட்டில் நாட்பட்ட இடுப்பு வலியுடைய 313 பேரிடம் நடத்தி, 2003இல் ‘லான்செட்’ மருத்துவ ஏட்டில் வெளிவந்த ஆய்வு வேறு கூறுகிறது. மிகக் கெட்டியான மெத்தையைவிட நடுத்தரக் கெட்டியான மெத்தையில் படுத்தவர்களே கூடுதல் நலம் கண்டனர். மருமகப்பிள்ளை இதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை மரியாதையானதுதான்.

கடைசியில் போடி பக்கத்திலிருந்து விதை நீக்கிய இலவம்பஞ்சை மூட்டையாகவே வாங்கினோம். பக்கத்து ஊரிலிருந்து பஞ்சுக்கார பாய் ஒருவரை அழைத்தோம். இப்பொழுது வில் இல்லை. சிறு வண்டியில் மின்பொறி வைத்திருக்கிறார். முற்றத்தில் நாற்காலி போட்டு என் உம்மா உட்கார்ந்துவிட்டார்கள். எண்பதைக் கடந்த கண்கள். ஆனால் ஒவ்வொரு கூடைப் பஞ்சும் அவர்கள் விரல்களில் பட்ட பின்னரே உறைக்குள் சென்றது. இரண்டுமுறை விதை இருக்கிறதென்று திருப்பி அனுப்பினார்கள். பாய் இருமத் தொடங்கியதும், “மூக்கைக் கட்டிக்கிட்டு வேலை செய்யுங்க வாப்பா, பஞ்சு எங்கேயும் ஓடிடாது” என்று தம் முக்காட்டுத் துணியொன்றை எடுத்துவரச் செய்து கொடுத்தார்கள். தைத்து முடிக்கும் வேளையில் பாய் என்னிடம், “ஹஜரத், இந்த மூலையை மட்டும் தைக்காம நாடா வச்சுக் கட்டித் தர்றேன். எப்ப சந்தேகம் வந்தாலும் அவுத்துக் கையை விட்டுப் பாத்துக்குங்க” என்றார்.

மகள் அதைக் கொண்டுபோய் மூன்றாண்டு ஆகிறது. தும்மல் குறைந்திருக்கிறது, அடியோடு நின்றது என்று சொல்வதற்கில்லை. பழைய மெத்தையைக் கடைக்காரர் திரும்பப் பெறவில்லை. அந்தப் பலநிறத் தூள் இரண்டு சாக்கு நிறைய எங்கள் கொல்லையில் கிடக்கிறது. எரிக்கலாமென்றால், அதில் எவ்வளவு பாலியஸ்டர், எந்தச் சாயம் என்பது தெரியாது. யாருக்கேனும் கொடுக்கலாமென்றால், அது இன்னொருவர் வீட்டு மெத்தைக்குள் போய்ச் சேரும்.